அமெரிக்காவில் போர்க்காலப் பிஸ்டல் சேகரிப்பு: லைசென்ஸ் முதல் துரு வரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் பிஸ்டலான வால்தர் பி38 ஒன்றை முதன்முதலாக வாங்கியபோது எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. வெளிமாநில விற்பனையாளரிடமிருந்து அதை நேராக என் வீட்டு வாசலுக்கே வரவழைத்திருக்கலாம், அதற்கு 30 டாலர் லைசென்ஸ் ஒன்று போதும் என்பது முதலாவது. வந்த அன்று ராத்திரியே உட்கார்ந்து அதைத் தேய்த்திருக்கக் கூடாது என்பது இரண்டாவது. முதல் தவறில் சில மாதங்களும் கொஞ்சம் பணமும் போயின. இரண்டாவது தவறு அந்த ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இடது பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைத் தழும்பாக இன்னும் இருக்கிறது. எண்பது வருஷம் தாக்குப்பிடித்த நீலப்பூச்சை நான் பத்தே நிமிஷத்தில் எடுத்துவிட்டேன்.

நீங்கள் அந்த இரண்டையும் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஓஹாயோவில். மத்திய அரசின் விதிகள் எல்லா மாநிலத்துக்கும் பொது. மாநில விதிகளை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி நீங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. எதற்கும் முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம் ஆட்கள் பலர் சிக்கக்கூடிய இடம் இதுதான். ஹெச்1பி, எல்1, எஃப்1, ஹெச்4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி ஒரு சேகரிப்பையே கட்டாதீர்கள். சட்டம் மீறினால் வழக்கோடு குடியுரிமைப் பாதையும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு வந்தபிறகு தொடங்குங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா பார்வையாளர் விசாவில் வந்திருப்பார்கள். ஆசையாக அப்பா கையில் பிஸ்டலைக் கொடுத்துப் படம் எடுக்கத் தோன்றும். வேண்டாம். அவர்களுக்கும் அதே தடைதான். துணைவர் இன்னும் ஹெச்4-இல் இருந்தால், பெட்டியின் சாவியும் ரகசிய எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும்.

2. மாநிலச் சட்டத்தை அரை நாள் உட்கார்ந்து படியுங்கள்

ஓஹாயோவில் கைத்துப்பாக்கி வாங்கத் தனி அனுமதி கிடையாது. நியூயார்க்கில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு பிஸ்டலும் அதில் ஏற வேண்டும். நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் வாங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கலிஃபோர்னியாவுக்கும் தனி விதிகள் உண்டு. கீழே நான் சொல்லும் சேகரிப்பாளர் லைசென்ஸ் இந்த மாநில விதிகள் எதையும் தள்ளுபடி செய்யாது. பழசுதானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மத்திய சட்டத்தில் ‘ஆன்டிக்’ என்று தப்பிப்பவை 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை மட்டும்தான். உலகப்போர்ப் பிஸ்டல்கள் எல்லாம் முழுக்கத் துப்பாக்கிகள்தான்.

3. ‘சி அண்ட் ஆர்’ லைசென்ஸ்: யாருக்கு, எதற்கு

கியூரியோ அண்ட் ரெலிக், அதாவது அரும்பொருளும் பழம்பொருளும், என்பதன் சுருக்கம் இது. மத்திய துப்பாக்கி லைசென்ஸ்களில் மூன்றாம் வகை, சேகரிப்பாளருக்கானது. ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு தருகிறது. குறைந்தது 50 ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட, நகல் அல்லாத துப்பாக்கி இதில் வரும். அதனால் உலகப்போர்ப் பிஸ்டல்கள் வயதால் தானாகவே தகுதி பெறுகின்றன. ஆனால் பிஸ்டல் அசல் நிலையில் இருக்க வேண்டும். குழலை வெட்டி, குரோம் பூசி, அமைப்பையே மாற்றியதென்றால் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

லைசென்ஸ் இல்லாமலும் வாங்கலாம். அப்போது வெளிமாநிலப் பிஸ்டல் உங்கள் ஊர்க் கடை ஒன்றுக்கு வரும். அங்கே 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, கடைக்காரருக்கு மாற்றுக் கட்டணம் 25 முதல் 50 டாலர் வரை கொடுத்து எடுத்துவர வேண்டும். நான் முதல் மூன்று பிஸ்டலையும் இப்படித்தான் எடுத்தேன். ஒரு தடவை கடைக்காரர் இரண்டு வாரம் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார், நான் தினமும் போன் செய்துகொண்டிருந்தேன். லைசென்ஸ் இருந்தால், உங்கள் மாநிலம் தடுக்காதவரை, தகுதியுள்ள பிஸ்டல் லைசென்ஸில் உள்ள முகவரிக்கே வரும். கையொப்பமிட்ட நகல் ஒன்றை விற்பவருக்கு அனுப்பினால் போதும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: இது சேகரிக்கத்தான், வியாபாரத்துக்கு இல்லை. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று இன்னொன்று வாங்கலாம். லாபத்துக்காகவே வாங்கி விற்க ஆரம்பித்தால் அதற்கு வியாபாரி லைசென்ஸ் வேண்டும்.

4. விண்ணப்பம்: காகிதம், கட்டணம், காலம்

படிவத்தின் பெயர் 7 சி.ஆர். வியாபாரிகளுக்கான படிவம் 7-உடன் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். அதில் மூன்றாம் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டுக்குச் செல்லும். வியாபாரிகளிடம் கேட்கும் கைரேகையும் புகைப்படமும் இந்த வகைக்குத் தேவையில்லை. குடியுரிமை பற்றிய கேள்வியில் கிரீன் கார்டுக்காரர்கள் தங்கள் ஏலியன் எண்ணை எழுத வேண்டும். பெயரைக் கிரீன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயர் முதலில், நம் பெயர் கடைசியில் என்று மாறிக் கிடக்கிற நம் ஆவணங்களில் இது ஒரு தீராத தலைவலி. ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் வேறு மாதிரி இருந்தால் முதலில் ஓட்டுநர் உரிமத்தைத் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

படிவத்தின் ஒரு பிரதியை உங்கள் பகுதியின் தலைமைக் காவல் அதிகாரிக்கு, அதாவது காவல்துறைத் தலைவருக்கோ ஷெரிஃபுக்கோ, அனுப்ப வேண்டும். அவர் அனுமதி தர வேண்டியதில்லை, தகவல் தெரிவித்தால் போதும். பலர் இதை மறக்கிறார்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஏழாவது வாரத்தில் வந்தது. அதுவரை எந்த ஏலத்திலும் பணம் கட்டாதீர்கள்.

வீடு மாறப் போகிறீர்கள் என்றால் குறைந்தது 30 நாள் முன்னதாகவே முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் அந்த முகவரிக்குத்தான் தரப்பட்டது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

5. முதல் பிஸ்டலுக்கு முன் பதிவேடு

லைசென்ஸ் வந்ததும் தைத்த நோட்டு ஒன்று வாங்குங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் போக்கு. செய்தவர், மாடல், வரிசை எண், வகை, தோட்டா அளவு, யாரிடமிருந்து, எந்தத் தேதியில். பிஸ்டல் கைக்கு வந்த மறு வேலைநாள் முடிவதற்குள் வரவு எழுதியாக வேண்டும். விற்றால் ஏழு நாளுக்குள் போக்கு எழுத வேண்டும். வாங்குபவர் லைசென்ஸ் இல்லாதவரானால் அவருடைய அடையாள விவரமும் பிறந்த தேதியும் சேரும்.

ஏ.டி.எஃப். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சோதிக்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம், அலுவலகத்துக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லும் உரிமை சேகரிப்பாளருக்கு உண்டு. ஒரு பிஸ்டல் திருடு போனாலோ காணாமல் போனாலோ 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். வரிசை எண் நோட்டில் சரியாக இல்லாவிட்டால் அந்த 48 மணி நேரம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

6. எழுத்தைப் படிக்கக் கற்ற பிறகு வாங்குங்கள்

போர்க்காலப் பிஸ்டலின் விலை அதன் மேல் உள்ள முத்திரைகளில் இருக்கிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பி38-இல் ஒன்றின் விலை இன்னொன்றைப்போல் இரண்டு மடங்காக இருக்கும். ஜெர்மானியர்கள் தொழிற்சாலைப் பெயருக்குப் பதில் ரகசிய எழுத்துகள் அடித்தார்கள். ‘ஏசி’ என்றால் வால்தர். ‘பிஒய்எஃப்’ என்றால் மௌசர், 1945-இல் அது ‘எஸ்விடபிள்யூ’ ஆனது. ‘சிஒய்க்யூ’ என்றால் ஸ்ப்ரீவெர்க். எழுத்துக்குக் கீழே இரண்டு இலக்கம் இருந்தால் அது ஆண்டு. பக்கத்தில் சின்னக் கழுகும் எண்ணும் இருக்கும். அது படைத்தளவாடச் சோதனையாளரின் முத்திரை. கழுகு 359 வால்தருடையது, 135 மௌசருடையது, 88 ஸ்ப்ரீவெர்க்குடையது. ‘ஏசி’ என்று போட்ட ஸ்லைடில் கழுகு 88 இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜப்பானிய நம்பு டைப் 14-இல் ‘19.8’ என்று இருக்கும். அது ஷோவா ஆட்சிக் கணக்கு. 1925-ஐக் கூட்டினால் 1944, ஆகஸ்ட். முதன்முதலாக ஒரு கண்காட்சி மேஜையில் இதை மனக்கணக்காகப் போட்டபோது, கையில் இருந்த அந்த இரும்பு எந்த மாதத்தில் பிறந்தது என்று தெரிந்தது. உருவம் சீராக இல்லை, கருவி உரசிய கோடுகள் மேலெல்லாம் ஓடின. ஜப்பான் மூலப்பொருளுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கோடுகள்தான் அந்தப் பிஸ்டலின் சரித்திரம், அவற்றை மெருகேற்றி எடுக்க யாருக்கும் உரிமையில்லை.

அடுத்து வரிசை எண்கள். பி38-இல் ஃபிரேம் (பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்), ஸ்லைடு, குழல் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இன்னொரு ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08-இல் சிறு பாகங்களிலும் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். எல்லாம் பொருந்தினால் விலை ஏறும். விலை ஏறுவதால் பொருந்தாததைப் பொருத்துகிற ஏமாற்றும் உண்டு. எண் இருக்கும் இடம் லேசாகக் குழிந்திருந்தால் பழைய எண்ணைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேரே பிடித்தால் தெரியாது.

7. வாங்கும்போது விழும் குழிகள்

கைப்பற்றுச் சான்று: அமெரிக்கச் சிப்பாய்கள் பிஸ்டலை ஊருக்குக் கொண்டுவரும்போது அவர்களுடைய அதிகாரி கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கும். அசல் தாள் விலையை நன்றாகக் கூட்டும், அதனால் போலித் தாள்களும் சுற்றுகின்றன. வரிசை எண் தாளில் இருக்கிறதா, அது பிஸ்டலோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். விற்பவர் சொல்லும் கதைக்கு ஒரு டாலர்கூட அதிகம் தராதீர்கள்.

சோவியத் கைப்பற்று பி38: போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் பாகங்களைக் கலந்து, மறுபடி நீலம் ஏற்றி அடுக்கியவை. பொய்யில்லாமல் அப்படிச் சொல்லி விற்றால், கற்றுக்கொள்ள நல்ல முதல் பிஸ்டல். எண் பொருந்திய அசலின் விலைக்கு விற்றால் நடையைக் கட்டுங்கள்.

வெப்லி மார்க் 6: பிரிட்டிஷ், .455 ரிவால்வர். அமெரிக்காவுக்கு வந்தவற்றில் பலவற்றின் சிலிண்டரைச் சீவி .45 ஏ.சி.பி. தோட்டா போகும்படி செய்துவிட்டார்கள். சேகரிப்பு மதிப்பு போனது ஒரு பக்கம். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லியின் தாங்கு திறனுக்கு மேல். சீவிய வெப்லியில் கடைத் தோட்டாவைச் சுடாதீர்கள்.

டோகரேவ் டிடி33: சோவியத் பிஸ்டல். அசலில் வெளிப் பூட்டு (சேஃப்டி) கிடையாது. இறக்குமதி விதிக்காக இங்கே சேர்த்தார்கள். இறக்குமதியாளர் முத்திரையும் சேர்ந்து விலையை இறக்கும். இறக்கியே வாங்குங்கள்.

தோள்கட்டை: சில மௌசர் சி96, கனடாவில் செய்த இங்லிஸ் ஹை பவர் போன்றவற்றுக்குப் பின்னால் மாட்டும் மரக்கட்டை உண்டு. பிஸ்டலில் கட்டையை மாட்டினால் அது குட்டைத் துப்பாக்கி என்று தனிச் சட்டத்துக்குள் போய்விடும். சில அசல் ஜோடிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புதிதாகச் செய்த நகல் கட்டையை அழகுக்காகக்கூட வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம்கூட நெகிழ்வு கிடையாது.

8. எம்1911 வேண்டுமானால்

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்1911-களைச் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு 2018-இல் குலுக்கல் முறையில் விற்கத் தொடங்கியது. அலபாமாவின் அனிஸ்டனில் இருக்கிறது. இதற்குக் கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். அந்த அமைப்போடு இணைந்த சங்கம் ஒன்றின் உறுப்பினர் சான்று, சுடும் பயிற்சிச் சான்று, நோட்டரி கையெழுத்து, உங்கள் ஊர் வியாபாரியின் லைசென்ஸ் நகல் எல்லாம் கேட்பார்கள். நம் சேகரிப்பாளர் லைசென்ஸ் இதற்குச் செல்லாது. பிஸ்டல் வியாபாரிக்குத்தான் வரும். பின்னணிச் சோதனை அந்த அமைப்பிடம் ஒரு தடவை, வியாபாரியிடம் ஒரு தடவை. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், காத்திருப்பு நீளும். குடியுரிமை இருந்தால் பொறுமையாக விண்ணப்பியுங்கள். அரசுக் கிடங்கிலிருந்து வருவதில் போலி பயம் இல்லை.

வெளியில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. தையல் இயந்திரம் செய்த சிங்கர் நிறுவனம் 500 எம்1911ஏ1 மட்டுமே செய்தது. குறைந்த விலைக்கு ‘சிங்கர்’ ஒன்று வந்தால் அது சிங்கர் இல்லை.

9. வீட்டுக்கு வந்த முதல் நாள்

முதல் காரியம்: மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) எடுங்கள், ஸ்லைடை இழுத்துத் தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுப் பாருங்கள். பழைய வீட்டுப் பொருளாக வருபவற்றில் தோட்டா இருப்பது உண்டு. நம்பு டைப் 94-இல் இடது பக்கம் வெளியே தெரிகிற ஒரு பட்டையை அழுத்தினாலே விசையைத் தொடாமல் வெடித்துவிடும். அந்த மாடலை இரட்டிப்பு எச்சரிக்கையோடு தொடுங்கள்.

அப்புறம் நைட்ரைல் கையுறை. கை வியர்வையின் உப்பு, நீலப்பூச்சு தேய்ந்த இடத்தில் ஒரே வாரத்தில் விரல்ரேகையாகத் துருவேறும். எல்லாப் பக்கமும், எல்லா முத்திரையும் படம் எடுங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் துணி.

இனி நான் செய்த தவறு. என் பி38-இல் பழுப்பாக ஒரு படலம் இருந்தது. துரு என்று நினைத்து இரும்புக் கம்பளியால் தேய்த்தேன். படலம் போனது, அதன் கீழே இருந்த நீலமும் போனது. நீலப்பூச்சே இரும்பின் ஒரு வகை ஆக்சைடுதான். பழுப்பும் அதோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும், இரண்டையும் பிரித்துத் தேய்க்க முடியாது. கரும்பழுப்பாக, இறுகி, துணியில் ஒட்டாமல் இருந்தால் அது நிற்கும் பழுப்பு. அதை விட்டுவிடுங்கள். செம்மஞ்சளாக, பொடியாக, வெள்ளைத் துணியில் ஒட்டினால் அது உயிருள்ள துரு. அதற்கு மட்டும் மெல்லிய எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு மென்மையான துணி, அதற்கும் அசையாவிட்டால் வெண்கலக் கம்பளி, விரல்நுனி அழுத்தத்தில். ஒவ்வொரு இருபது தேய்ப்புக்கும் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வர ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மறுபடி நீலம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுசு மாதிரி மின்னும், மதிப்பு பாதிக்குக் கீழே போகும். 1937-க்கு முந்தைய லூகர்களில் துருவேற்றி நிறம் தந்த பழைய முறை, பிறகு உப்புக் கரைசலில் முக்கியெடுத்த முறை. இரண்டும் வேறு வேறு நிறம். தெரிந்தவர் கண் ஒரு நொடியில் கண்டுபிடிக்கும்.

சுத்தம் முடிந்ததும் ரெனைசான்ஸ் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது, ஒரு டப்பா பல ஆண்டு வரும். பட்டாணி அளவு எடுத்து, மெல்லியதாகத் தடவி, சில நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய் வழிந்து மரப்பிடியில் ஊறும், மெழுகு ஊறாது. உள்ளே நகரும் பாகங்களுக்கு மட்டும் எண்ணெய்.

10. எங்கே வைப்பது

தோல் உறையில் வைக்காதீர்கள். அசல் ராணுவ உறை இருந்தால் அது தனி, பிஸ்டல் தனி. பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் ஈரமும் இரும்பைத் தின்னும். உறையின் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு பார்த்திருப்பீர்கள், அதே வேலை இரும்பில் பழுப்பாக நடக்கும். தோலுக்குக் கால்நடைக் கொழுப்பு எண்ணெய் தடவாதீர்கள், தையல் நூல் இற்றுவிடும். நுரைப்பஞ்சு வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும். பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பிஸ்டலோடு ஒட்டியே இருக்கும்.

இரும்புப் பெட்டிக்குள் பதினைந்து டாலர் ஈரமானி ஒன்று வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். ஓஹாயோவின் கோடையில் என் கீழ்த்தளம் 70-ஐத் தொடும். அதனால் சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன், ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். குளிர்காலத்தில் நேரெதிர்: ஹீட்டர் ஓடி 25-க்குக் கீழே போனால் மரப்பிடி வெடிக்கும். அப்போது சிலிக்காவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

11. சுடலாமா

என் தீர்ப்பு: எண் பொருந்தியதைச் சுடாதீர்கள். ஒரு சிறு பாகம் உடைந்தால் அந்தப் பொருத்தமே போகும். நம்பு டைப் 14-இன் அடிக்கும் ஊசி உடையும் தன்மையது, காலியாகக்கூட விசையை இழுக்காதீர்கள். சுட்டே ஆக வேண்டும் என்றால் கலப்புப் பாக பி38 ஒன்றைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, புதிய தோட்டாவால் சுடுங்கள். போர்க்காலத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் குழலில் உப்பு மிஞ்சும், அது காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் குழலைத் துருவாக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். யாரோ சுட்டுவிட்டார்கள் என்றால் வெந்நீர் விட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.

12. காப்பீடும் வீட்டாரும்

வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்கு உச்ச வரம்பு தனியாக இருக்கும், பெரும்பாலும் 2,500 டாலர். இரண்டு நல்ல பிஸ்டலுக்கே அது போதாது. சேகரிப்புக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள். நீங்கள் எடுத்த படங்களும் பதிவேடும்தான் அங்கே ஆதாரம். ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏற்றுமதிக்கு இங்கே அனுமதி, வைத்திருக்க அங்கே ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ். இவை இல்லாமல் பெட்டியில் ஒரு மேகசினைக்கூட வைக்காதீர்கள்.

கடைசியாக, பெட்டிக்குள் ஒரு உறையில் தமிழில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன், என் மனைவிக்கு. ஒவ்வொரு பிஸ்டலும் என்ன, என்ன விலைக்கு வாங்கினேன், பதிவேடு எந்த அலமாரியில், எந்த வியாபாரியிடம் முதலில் கேட்க வேண்டும், முதல் நாளே வந்து மொத்தமாக விலை பேசுபவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்றெல்லாம். தாளின் மேலே கொட்டை எழுத்தில் இரண்டு வரி: ‘தோட்டா இல்லை என்று நம்பாதே, பார். எதையும் தேய்க்காதே.’